பொய்க் கோர்ட்டில் நீ ஜெயித்த வழக்கு

என் மகனுக்கு,

இங்கு எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுதவும் என்று தொடங்குவதுதான் என் வழக்கம். இந்த முறை உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். உன் அம்மா சுகம். ஆடு சுகம். நான் பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறேன். நம் வீட்டில் ஏது ஆடு என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நீ வக்கீலுக்குப் படிக்கிறவன், வழக்கை முதலிலிருந்து கேட்டுப் பழகியவன். நானும் முதலிலிருந்தே சொல்கிறேன்.

லண்டனிலிருந்து நீ போட்ட கடிதம் சிரம்பானிலிருந்து அரிசி லாரியோடு வந்தது. ஆபீசில் வைத்து ஒரு முறையும் வீட்டில் உன் அம்மாவுக்காக ஒரு முறையும் படித்தேன். வீட்டில் படிக்கும்போது ஒரு வரியை மட்டும் விழுங்கிவிட்டேன். உன் பேராசிரியர் உனக்குத் தகப்பனைப் போல என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை. உன் அம்மா லேசுப்பட்டவளா? நான் குளிக்கப் போன நேரத்தில் கடிதத்தை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்து, அந்த வரியைக் கண்டுபிடித்து, நான் தலை துவட்டிக்கொண்டு வரும்போது சிரித்தாள். "தகப்பனப் போலன்னுதானே எழுதியிருக்கான். தகப்பன்னு எழுதலையே" என்றாள். அவளுக்கு அது வேடிக்கை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்த மனிதர் மேல் எனக்கு என்ன கோபம் என்று யோசித்துப் பார்த்தேன். செமினார் என்று ஒன்று நடக்கிறதாம். நீள மேசை, சுற்றிலும் பல தேசத்துப் பிள்ளைகள், மேசையின் தலைமாட்டில் அவர். ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு பேசாமல் இருப்பாராம். நீங்கள் வாரம் முழுவதும் நூல்நிலையத்தில் விழுந்து கிடந்து பதில் தேடுவீர்களாம். நானும் நீ சின்னவனாக இருந்தபோது உன்னிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல்தான் இருந்தேன். எனக்குப் பதில் தெரியாததால் இருந்தேன், அவர் தெரிந்துகொண்டே இருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் உனக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தது யார்? உரம் வரவில்லை, வாளி ஓட்டை என்று நான் எழுதிய தோட்டத்துக் கடிதங்களைப் பார்த்து எழுதித்தானே உன் கையெழுத்து அப்படி வந்தது? அந்தக் கையெழுத்தைத்தான் அவர் மெச்சுகிறாராம். மெச்சட்டும்.

அவர் மேல் மட்டும் பொறாமை என்றால் பரவாயில்லை. உன் மேலும் பொறாமைதான். பெற்ற பிள்ளை மேல் பொறாமைப்படுகிறவன் உண்டா என்று நீ நினைக்கலாம். உண்டு, மலாயாவில் நீலாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிறான். சம்பளப் பணம் எடுக்க மாதம் ஒரு முறை பெரிய துரையோடு சிரம்பானுக்குப் போவேன் என்று உனக்குத் தெரியும். துரை கிளப்பில் சாப்பிட்டு முடிக்கும்வரை எனக்கு வேலை இருக்காது. மற்ற தோட்டத்துக் கிராணிகள் சாமான் வாங்கப் பாசாருக்குப் போவார்கள். நான் கோர்ட்டுக் கட்டடத்தின் ஜன்னல் ஓரமாகப் போய் நிற்பேன். எந்த வக்கீல் எப்படி இருமுவார், எவர் தோற்கப் போகிறபோது மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. உள்ளே போய் உட்கார யாரும் தடுக்கவில்லை, இருந்தாலும் நான் ஜன்னலோடு சரி. உள்ளே போனால் வேடிக்கை பார்க்க வந்தவனாகிவிடுவேன் என்று ஒரு வறட்டுப் பிடிவாதம். பேசப் போகிறவனாகத்தான் உள்ளே போக வேண்டும் என்று நினைத்தேன். அந்த நாள் வரவே இல்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு முறை நீயும் என்னோடு வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? ஜன்னல் எட்டவில்லை என்று உன்னைத் தூக்கிக் காட்டினேன். கறுப்பு அங்கி போட்ட ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். கூண்டில் நின்ற ஆளுக்காகப் பேச யாருமில்லை. "அவருக்கு யாருப்பா பேசுவா?" என்று கேட்டாய். ஆள் இல்லை என்றேன். ஏன் இல்லை, ஏன் இல்லை என்று தெமியாங் கடைத்தெரு முழுவதும் என்னை அரித்து எடுத்துவிட்டாய். கடைசியில் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்து உன் வாயை அடைத்தேன். இப்போது உனக்கு உபகாரச் சம்பளம் கிடைத்து, கப்பலேறி, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டாய். நான் இன்னும் இந்தப் பக்கம்தான்.

உன் மூட் கோர்ட்டைப் பற்றி நீ எழுதியதை மட்டும் பலமுறை படித்தேன். நிஜ வழக்கு இல்லை, நிஜ நாடு இல்லை, ஆனால் ஓய்வு பெற்ற நிஜ நீதிபதி வந்து உட்காருவார், இரண்டு பக்கமும் பிள்ளைகள் எழுந்து வாதாட வேண்டும், தோற்றவனும் ஜெயித்தவனும் அப்புறம் ஒன்றாகச் சாப்பிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். "பொய்க் கோர்ட்டு" என்று உன் அம்மா அதற்குப் பெயர் வைத்தாள். உனக்குக் கொடுத்த வழக்கும் எனக்கு மனப்பாடம். ஒரு நாடு இன்னொரு நாட்டோடு ஒப்பந்தம் பேசி வேலைக்கு ஆட்களைக் கொண்டுவருகிறது. திரும்பிப் போகக் கப்பல் செலவும் தருவதாக ஒப்பந்தத்தில் இருக்கிறது. வியாபாரம் படுத்துவிடுகிறது. உடனே அந்த நாடு அவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்புகிறது, அங்கே பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து. அனுப்பலாமா, கூடாதா? சர்வதேசச் சட்டம் என்ன சொல்கிறது? உனக்கு அனுப்புகிற நாட்டின் பக்கம் விழுந்தது. மனசுக்கு ஒப்பவில்லை, ஆனாலும் பேசினேன், ஜெயித்தேன், பேராசிரியர் முதுகில் தட்டினார் என்று எழுதியிருந்தாய். அதோடு, கோடையில் ஜெனீவாவுக்கு அழைத்துப் போகிறேன், இன்னும் இரண்டு வருஷம் என்னிடம் இருந்து படி என்று அவர் சொல்வதாகவும், அதற்கு என் அனுமதி வேண்டும் என்றும் கேட்டிருந்தாய்.

நீ அங்கே பொய்யாக வாதாடிய வழக்கு இங்கே நிஜமாக நடந்துகொண்டிருக்கிறது என்பது உனக்குத் தெரியாமல் இல்லை. ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு. யார் யார் போக வேண்டும் என்று துரை சொல்ல, எழுதுகிறவன் நான். லயத்து வீடுகளில் பாத்திர பண்டங்களை விற்றுக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் உன் கடிதம் வந்தது. எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது என்னவோ, இதே வழக்கை என்னிடம் கொடுத்தால் நான் மட்டும் ஜெயிக்க மாட்டேனா என்ற எரிச்சல்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடக் கொட்டகையில் ஒரு பொய்க் கோர்ட்டுக்கு ஏற்பாடு செய்தேன். சிரிக்காதே. நம் ஆசுபத்திரி டிரெசர், அதுதான் உனக்கு ஊசி போட்டு அழவைத்த யாழ்ப்பாணத்துக்காரர், அவரை நீதிபதியாக்கினேன். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து வாத்தியார் நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்துவிட்டார். வேலையில்லாத நாட்கள், லயத்தில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். நான் உன் பக்கத்தையே எடுத்துக்கொண்டேன். உன்னைவிட நன்றாகப் பேச வேண்டும் என்பதுதான் என் நோக்கம், மறைப்பானேன்? எதிர்ப்பக்கம் பேச வருவதாகச் சொன்ன வாத்தியாருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. எதிராளி இல்லாமல் என்ன கோர்ட்டு என்று டிரெசர் எழுந்திருக்கப் பார்த்தார். பின்வரிசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மா, "நான் பேசறேன்" என்றாள்.

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். தன் எல்லைக்குள் யார் இருக்கலாம் என்று தீர்மானிப்பது அந்தந்த நாட்டின் உரிமை என்று உன் வார்த்தைகளையே எடுத்து, ஜன்னல் ஓரத்தில் கற்ற குரலில் பேசினேன். நடுவில் இருமியும் பார்த்தேன். உன் அம்மா எழுந்து மடியிலிருந்த கீரைத் தண்டைத் தட்டிவிட்டுக்கொண்டு இரண்டே விஷயம் கேட்டாள். "விருந்துக்குக் கூப்பிட்டப்ப, திரும்பிப் போவ வண்டி வச்சிருக்கோம்னு சொன்னீங்க. அது நாங்க போவணும்னா. எல போட்டு உக்காந்த பொறவு, வண்டி நிக்குது எந்திரின்னு சொல்றதுக்கா?" இது முதல் கேள்வி. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்தது வந்தது. "இங்க பொறந்த புள்ளையத் திருப்பி அனுப்பறேங்கிறீங்க. முன்ன அங்க இருந்தாத்தானே திருப்பி அனுப்ப முடியும்?"

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. டிரெசர் வெள்ளைக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "கிராணியார், நீர் தோத்துப் போனீர். இந்தச் சனம் இஞ்சையே இருக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார். கொட்டகையில் யாரும் கை தட்டவில்லை. அமைதியாக எழுந்து போனார்கள். எனக்கு அப்போதே அது உறைத்திருக்க வேண்டும். ஆனால் நான் உன் அம்மா மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அவள் அரிசி களையும்போது பாட்டு முணுமுணுத்தாள். நான் திண்ணையும் முற்றமும் இல்லாத நம் கிராணி வீட்டில் போக இடமில்லாமல் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போகிறவர்கள் பெரட்டுக்கு வர வேண்டியதில்லை. செல்லம்மா வந்து நின்றாள். மேட்டு லயத்து முனியன் பெண்டாட்டி, உன்னோடு விளையாடிய பிள்ளைகளுக்குச் சின்னம்மா, உனக்குத் தெரியும். அவளும் புருஷனும் மூன்று பிள்ளைகளும் அடுத்த வாரம் கிள்ளான் துறைமுகம் போக வேண்டியவர்கள். பால் வெட்டும் கத்தியும் வாளியுமாக வரிசையில் நிற்கிறாள். என்ன இது என்று கேட்டேன். "நேத்துதான் தீர்ப்பாயிருச்சே ஐயா" என்றாள். கங்காணி வீட்டுக்கு விற்ற ஆட்டை ராத்திரியே பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாளாம். கட்டிய மூட்டையைப் பிரித்துவிட்டாளாம். அது விளையாட்டும்மா, லண்டனில் தம்பி படிக்கிற பாடம், அதை நாங்கள் சும்மா பேசிப் பார்த்தோம் என்றேன். அவள் என்னை நம்பவில்லை. சுற்றி நின்றவர்களும் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"வெளாட்டுன்னா நீங்க தோப்பீங்களா ஐயா?" என்றாள்.

நீ அங்கே எத்தனை வழக்குப் படித்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. இதற்குப் பதில் உன் புத்தகங்களில் இருந்தால் எழுது. இந்தத் தோட்டத்தில் கிராணி விளையாட்டுக்குக்கூடத் தோற்றதில்லை. தாயக்கட்டை ஆடினாலும் கிராணிதான் ஜெயிப்பார், தீபாவளிக்குக் கயிறு இழுத்தாலும் கிராணி நிற்கிற பக்கம்தான் ஜெயிக்கும். எல்லோரும் சேர்ந்து ஜெயிக்க வைத்துவிடுவார்கள். அந்தக் கிராணி, தன் பெண்டாட்டியிடம், ஊரே பார்க்கத் தோற்றார் என்றால் அது நிஜமாகத்தான் இருக்க வேண்டும். அவள் யோசித்ததில் என்ன தப்பு? எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

வெட்கத்தை விட்டுப் பெரிய துரையிடம் போனேன். உன் அம்மா கேட்ட இரண்டையும் இங்கிலீஷில் சொன்னேன். அவர் பைலை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். இந்த நியாயத்தை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்றார். என் மகன் என்றேன். பெண்டாட்டி என்று சொன்னால் சிரிப்பாரோ என்று வாய் அப்படி வந்துவிட்டது. உன் மகன் கெட்டிக்காரன், அவன் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் ரப்பர் விலை இருக்கிறபடிதான் இருக்கிறது என்று சொல்லிப் பைலைத் திறந்தார். உன் அம்மாவின் வார்த்தை, என் வாய், பெயர் உனக்கு. எனக்கு எரியாதா?

சாயங்காலம் நானும் உன் அம்மாவும் செல்லம்மா வீட்டுக்குப் போனோம். முனியன் வாசலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பிரித்த மூட்டை மூலையில் கிடந்தது, பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தார்கள். போகத்தான் வேண்டும் என்று சொன்னேன். அவள் அழவில்லை. "அப்ப தம்பி இந்த வழக்க எங்க பேசுச்சு?" என்று கேட்டாள். லண்டனில் என்றேன். அங்கே நிஜ ஜட்ஜா என்றாள். நிஜ ஜட்ஜ்தான் என்றேன், அது உண்மைதானே.

"தம்பி யாரு பக்கம் பேசுச்சு?"

உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் பிள்ளைகளைப் பார்த்தேன். "உங்க பக்கந்தான்" என்றேன்.

"ஜெயிச்சுச்சா?"

"ஜெயிச்சான்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. "அதான பாத்தேன். சேதி கப்பல்ல வரணும்ல, அதான் சுணங்குது" என்று புருஷனுக்கு ஆறுதல் சொன்னாள். அவர்களைத் துறைமுகத்துக்கு ஏற்றிப் போக லாரி வந்த அன்று ஆட்டை ஓட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். கங்காணி வீட்டுக்கு மறுபடி விற்கவில்லை. தம்பி சொன்ன தீர்ப்பு வந்ததும் நாங்கள் திரும்பி வந்து வாங்கிக்கொள்கிறோம், அதுவரை அம்மா பார்த்துக்கொள்ளட்டும் என்று சமையல்கட்டுப் பின்னால் கட்டிவிட்டுப் போனாள். லாரியில் ஏறும்போது மற்றவர்கள் ஒப்பாரி வைத்தார்கள். அவள் தம்பி ஜெயித்துவிட்டது, தம்பி ஜெயித்துவிட்டது என்று அவர்களைத் தேற்றிக்கொண்டே போனாள். இத்தனை வருஷம் தினமும் விடியலில் அவள் பெயரைக் கூப்பிட்டவன் நான். அவள் சொல்லிக்கொண்டு போனது உன் பெயரை.

அன்றிலிருந்து உன் அம்மா என்னிடம் அதிகம் பேசுவதில்லை. நான் சொன்ன பொய்க்காகக் கோபம் என்று நினைத்தேன். இல்லையாம். தான் பேசி ஜெயித்த வழக்கை உன் பெயரில் எழுதிவிட்டேனே என்று வருத்தமாம். இந்த வீட்டில் உன் மேல் பொறாமைப்பட நான் ஒருவன் இருப்பது போதாதா, அவளும் சேர்ந்துகொண்டாள். ஆட்டுக்குத் தழை போடுவது நான், அது ஒட்டிக்கொண்டு திரிவது அவளிடம். சினையாக இருக்கிறது. குட்டி போட்டால் அதுவும் செல்லம்மாவுடையதுதான் என்கிறாள். இங்கே பிறந்த குட்டி யாருக்கு என்று அவளிடம் வாதாட எனக்குத் தைரியம் இல்லை.

இனி நீ கேட்ட அனுமதிக்கு வருகிறேன். உடனே புறப்பட்டு வா என்று முதலில் ஒரு கடிதம் எழுதினேன், அதைக் கிழித்துவிட்டேன். அந்தப் பேராசிரியரிடமிருந்து உன்னைப் பிடுங்க வேண்டும் என்று எழுதிய கடிதம் அது. இரு. ஜெனீவாவுக்குப் போ. நாடுகள் நிஜமாகக் கூடிப் பேசுகிற இடம் என்கிறாயே, அங்கே எந்தக் கதவு வழியாக உள்ளே போகிறார்கள் என்று பார்த்துக்கொள். ஆனால் அடுத்த முறை மூட் கோர்ட்டில் எதிர்ப்பக்கத்தைக் கேட்டு வாங்கு. விழுந்த பக்கத்தைத்தான் பேச வேண்டும் என்பது விதி என்றால், செமினார் மேசையிலாவது பேசு. உன் அம்மாவின் இரண்டு கேள்வியையும் அங்கே போடு, இது என் அம்மா கேட்டது என்று சொல்லிப் போடு. போட்டுவிட்டு நீ பேசாமல் இரு. பதிலை அவர் ஒரு வாரம் தேடட்டும். மனசுக்கு ஒப்பாமல் ஜெயித்ததை நீ எழுதினாய், பலமுறை படித்தேன். மனசுக்கு ஒப்பித் தோற்றால் அதையும் எழுது, நான் ஆபீசில் ஒரு முறை, வீட்டில் ஒரு முறை படிப்பேன், ஒரு வரியும் விழுங்க மாட்டேன்.

நீ செல்லம்மாவுக்காகப் பேசி ஜெயித்தாய் என்று நான் சொன்னது பொய். அந்தப் பொய்யை நம்பி ஒரு குடும்பம் கடல் தாண்டிப் போயிருக்கிறது, ஆடு இங்கே நிற்கிறது. அதை என்றைக்காவது மெய்யாக்க முடியுமென்றால் உன்னால்தான் முடியும், என்னால் முடியாது. எனக்கு உன் மேல் இருக்கிற பொறாமை முழுவதும் அதுதான்.

அது தீராமல்,
உன் அப்பா.